எதிரணியில் ஒரு ஜோடி: வெஸ்ட்மின்ஸ்டரின் ‘பேரிங்’ மரபு

காலணிகளுக்கும், சீட்டாட்டத்தில் ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகளுக்கும், கிரிக்கெட்டில் இரு இன்னிங்ஸிலும் ரன் எடுக்காமல் ஆட்டமிழப்பதற்கும் வழங்கும் ‘பேர்’ என்ற சொல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசுகளின் ஆயுளையே தீர்மானிக்கக்கூடிய ஒரு மரபின் பெயராயிற்று. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் குறிப்பிட்ட வாக்கெடுப்பில் கலந்துகொள்வதில்லை என்று செய்துகொள்ளும் உடன்பாடே ‘பேரிங்’ எனப்படுகிறது. ஒருவர் நோயாலோ பணியாலோ வர இயலாதபோது மற்றவரும் விலகி நிற்பதால், இரு தரப்புக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம் மாறுவதில்லை.

காமன்ஸ் சபையில் வாக்களிக்க, மணி ஒலித்த 8 நிமிடங்களுக்குள் உறுப்பினர் நேரில் வந்து ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு தாழ்வாரங்களுள் ஒன்றில் நுழைந்தாக வேண்டும். பின்னர் கதவுகள் அடைக்கப்படும். இந்த முறையின் கடுமையே ஜோடி மரபைத் தேவையாக்கியது. ஜோடிகளைக் கட்சிக் கொறடாக்கள் குறித்துவைத்தாலும் சபை விதிகளில் அதற்கு இடமில்லை என்பதால், கொடுத்த வாக்கைத் தவிர அதற்கு வேறு காவல் கிடையாது. 1976 மே 27 அன்று விமான, கப்பல் கட்டும் தொழில்களுக்கான மசோதா ஒரே வாக்கில் தப்பியபோது, தொழிற்கட்சி ஒரு ஜோடியை முறித்துவிட்டதாகக் குற்றம்சாட்டிய கன்சர்வேட்டிவ் கட்சி அந்த ஏற்பாட்டிலிருந்தே விலகியது.

மரபின் உயர்ந்த தருணம் 1979 மார்ச் 28 அன்று வாய்த்தது. பிரதமர் ஜேம்ஸ் கலஹனின் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது, தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் மரணப்படுக்கையில் இருந்தார். அவருக்கு ஒரு ஜோடி வேண்டுமென்று துணைத் தலைமைக் கொறடா வால்டர் ஹாரிசன் கேட்டபோது, எதிரணியில் அதே பொறுப்பிலிருந்த பெர்னார்ட் வெதரில், ஆட்சியே கவிழக்கூடிய வாக்கெடுப்பில் எவரும் அதற்கு இசையமாட்டார் என்று எடுத்துரைத்தார். எனினும், முன்பு தந்த வாக்குக்குக் கட்டுப்பட்டுத் தாமே விலகி நிற்க முன்வந்தார். அது வெதரிலின் அரசியல் வாழ்வையே முடித்துவிடும் என்று உணர்ந்த ஹாரிசன் அதை ஏற்க மறுத்தார். அரசு 310க்கு 311 என்ற கணக்கில் வீழ்ந்தது. பிராட்டன் சில நாட்களில் காலமானார். மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். தம் அரசைக் காக்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே எதிராளியின் மானத்தைக் காத்த ஹாரிசனின் செயலுக்கு நிகரானதை நாடாளுமன்ற வரலாற்றில் காண்பது அரிது.

அத்தகைய நம்பிக்கை நிலைக்கவில்லை. 2018 ஜூலை 17 அன்று, பிரசவ விடுப்பிலிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஜோ ஸ்வின்சனுக்கு ஜோடியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் அமைப்புத் தலைவர் (சேர்மன்) பிராண்டன் லூயிஸ் முக்கிய வாக்கெடுப்புகளில் வாக்களித்துவிட்டு, அது தவறுதலாக நேர்ந்தது என்று மன்னிப்புக் கேட்டார். 2019 ஜனவரி 15 அன்று பிரெக்ஸிட் உடன்படிக்கை மீது வாக்களிப்பதற்காக, நிறைமாதக் கர்ப்பிணியான தொழிற்கட்சி உறுப்பினர் டியூலிப் சித்திக், பேரிங்கை நம்பாமல், அறுவைசிகிச்சைப் பிரசவத்தைத் தள்ளிவைத்துச் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்தார். மகப்பேற்று விடுப்பிலுள்ளோர் சார்பில் மற்றொரு உறுப்பினர் வாக்களிக்கும் பதிலாள் முறை அம்மாதமே சோதனையாக ஏற்கப்பட்டு, 2020இல் நிரந்தரமாக்கப்பட்டது. கடும் நோயுற்றோருக்கும் அது பின்னர் விரிவுபடுத்தப்பட்டது.