பொஹீமியக் குடிகளின் பழைய ஏடுகள்

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்திலும், ஐயோவா, நெப்ராஸ்கா மாகாணங்களின் சோள வயல்களுக்கிடையேயும், தாய்நாட்டு நகரொன்றின் பெயரையே இட்டு பில்ஸன் என்று வழங்கிய சிக்காகோ நகரப் பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய செக் மக்களின் சந்ததியார், தம் மூதாதையர் எந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்டார்கள் என்று தேடத் தொடங்கும்போது, முதலில் கைக்குக் கிட்டுவது பல சமயம் 'ஆஸ்திரியா' என்ற ஒற்றைச் சொல்தான். அவர்கள் தேசம் அந்நாளில் ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்திகளின் ஆளுகைக்குட்பட்டிருந்தது. ஜனக்கணக்கு எடுக்க வந்த குமாஸ்தா, அத்தேசத்தின் பகுதிகளான பொஹீமியா என்றோ மொராவியா என்றோ எழுதியிருந்தாலே அது பெரிய உபகாரம்.

தேடுகிறவருக்கு நேர்ந்துள்ள நஷ்டங்களும் சாமானியமல்ல. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனக்கணக்கு ஏடுகள், 1921-இல் வாஷிங்டனில் மூண்ட தீயாலும் அதன்பின் நேர்ந்த அலட்சியத்தாலும் ஏறக்குறைய முழுவதும் போயின. குடியேறிகள் கப்பலேறிய ஜெர்மானியத் துறைமுகமான பிரேமனின் பிரயாணிகள் ஜாபிதாக்களில் பல, வைக்க இடமில்லையென்று அந்நகரிலேயே அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றிலும் மிகப் பெரும்பகுதி இரண்டாம் உலக யுத்தத்தில் மறைந்தது. மற்றொரு துறைமுகமான ஹாம்பர்க்கின் ஜாபிதாக்கள் 1850 முதல் 1934 வரை தப்பிப் பிழைத்தது பெரும் பாக்கியம். கப்பலேறியவர் கடைசியாக வசித்த ஊரின் பெயரை அவற்றில் காணலாம். காகிதங்களெல்லாம் கைவிட்ட இடத்தில், புல்வெளி நடுவே நிற்கும் ஒரு கல்லறைக் கல் வழிகாட்டுவதும் உண்டு. செக் மொழியிலேயே செதுக்கிய அக்கல்லில், கணவன் வீட்டுப் பெயருக்குக் கீழே 'ரோஸெனா' என்ற சொல்லும், அதையடுத்து அந்த அம்மையாரின் பிறந்த வீட்டுப் பெயரும், சிலவற்றில் சொந்த ஊரும் இருக்கும்.

பிரபுக்களின் நிலத்தில் குடியானவர் கூலியின்றி உழைக்க வேண்டிய 'ரோபோட்டா' என்னும் கடமை 1848-இல் ஒழிந்தபின், காணித் துண்டுகள் பிள்ளைகளுக்குள் பிரிந்து பிரிந்து பிழைப்புக்குப் போதாமற்போன கிராமங்களில், கடலுக்கப்பால் விசாலமான நிலம் உண்டென்ற செய்தி எத்தகைய ஆசையை எழுப்பியிருக்கும்! டெக்ஸஸில் குடியேறிய யோசெப் ஆர்னோஷ்ட் பெர்க்மன் என்ற புரோட்டஸ்டண்டு போதகர் ஊருக்கு எழுதிய கடிதங்களைக் கண்டு, 1851-இல் கிழக்கு பொஹீமியாவிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. வழித்துன்பத்திலும் நோயிலும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். மாண்டவர் போக மிஞ்சியவர்களைத் தொடர்ந்தே மற்றவர்களும் சென்றார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

கிராமத்தின் பெயர் மட்டும் கிடைத்துவிட்டால், அங்கே காத்திருக்கும் செல்வம் அபாரமானது. கோயில் பாதிரிமார் எழுதிவந்த ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகளைச் செக் மக்கள் 'மத்ரிகி' என்பார்கள். 1784-இல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி இவற்றுக்குக் கட்டங்கள் வகுத்து, ஒரே ஒழுங்கில் எழுத வேண்டுமென்று உத்தரவிட்டார். ஒரு பக்கத்தைத் திறந்தால், தேதி, வீட்டு எண், குழந்தையின் பெயர், மதம், தாய் தந்தையர், ஞானப் பெற்றோர் என்று வரிசையாக வரும். காலம் செல்லச் செல்லப் பாட்டன் பாட்டிமாரின் பெயரும் ஊரும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. எழுத்தறியாத சாட்சி இட்ட மூன்று சிலுவைக் குறிகளும், அருகே அவருக்காகப் பிறர் எழுதிய பெயரும் விவாக ஏடுகளில் காணக்கிடைக்கும்.

ஆனால் பெயரை மாத்திரம் நம்பிப் புறப்படுகிறவர் வழி தவறுவார். லத்தீனில் வென்ஸெஸ்லாவுஸ் என்று எழுதப்பட்டவனே ஜெர்மன் ஏட்டில் வென்ட்ஸெல், தாய்மொழியில் வாட்ஸ்லாவ், அமெரிக்காவில் கால்வைத்தபின் பெரும்பாலும் ஜேம்ஸ். குலப்பெயரும் நிலையாயிருந்ததில்லை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில், ஒரு பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் அந்தப் பண்ணையின் பெயராலேயே வழங்கப்படுவது சகஜம்.

இத்தனை மாற்றங்களுக்கிடையே பிடித்துக்கொள்ளத் தகுந்தது வீட்டு எண் ஒன்றே. ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக மரியா தெரேசா மகாராணியின் ஆட்சியில் 1770-ஐ ஒட்டி வீடுகளுக்கு எண் இடப்பட்டது. பிற்பாடு கட்டிய வீட்டுக்கு அடுத்த எண் கொடுத்தார்களாதலால், 9-க்குப் பக்கத்திலேயே 74 நிற்பதைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. ஏட்டில் 23-ஆம் எண் வீட்டைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், அதே கூரையின்கீழ் பிறந்தவரும், மணந்து வந்தவரும், இளமையிலேயே மாண்ட சிசுக்களும் ஒருவர் பின் ஒருவராக வெளிப்படுகிறார்கள். சில எண்கள் இடையே மாற்றப்பட்டதுண்டு. எனினும் பல செக் கிராமங்களில் அந்தப் பழைய வரிசையே இன்றும் வழங்குகிறது. ஆகையால் டெக்ஸஸிலிருந்து வரும் கொள்ளுப்பேரன், ஏட்டில் குறித்துக்கொண்ட எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து, சுவரில் அறைந்த தகட்டில் அதே எண்ணைக் கண்டு, கதவைத் தட்டலாமா என்று தயங்கி நிற்கிறான்.