கொளுக்கிப்புழு நோய் ஆய்வு (இலங்கை மலையகம்)

கொளுக்கிப்புழு நோய் என்பது, மனிதரின் சிறுகுடற் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சி வாழும், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள புழுக்களால் உண்டாகும் தொற்றாகும். தமிழ்நாட்டு நூல்களில் கொக்கிப்புழு எனப்படும் இப்புழு, நீடித்த குருதிச்சோகையையும் களைப்பையும் உடல் வீக்கத்தையும் விளைவிக்கிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் பரவலாகக் காணப்பட்டமையால், ஒரு தொற்றுநோயைக் கண்டறிவதற்கும் அதற்கான மருந்துகளைச் சோதிப்பதற்கும் உரிய களமாக அத்தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்டன.

இப்புழுவை 1838ஆம் ஆண்டு மிலான் நகரில் ஆஞ்சலோ துபீனி என்ற மருத்துவர் ஒரு பிணப்பரிசோதனையின்போது கண்டார்; எனினும், அல்ப்ஸ் மலையில் கோதார்ட் சுரங்கப் பாதையை அகழ்ந்த தொழிலாளர் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொத்தாகச் சோகையுற்ற பின்னரே அது கடும் நோயொன்றின் காரணியாகப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. புழு உடலுக்குள் புகும் வழி அப்போதும் தெரியவில்லை. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் இப்புழுவின் குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்த, அந்த இடத்தில் அரிப்பெடுத்ததையும், பின்னர் தம் மலத்தில் புழுமுட்டைகள் தோன்றியதையும் கவனித்த அவர், குடம்பி தோலைத் துளைத்தே உட்புகுகிறது என்ற முடிவுக்கு வந்தார். மலத்துடன் வெளியேறும் முட்டை ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணில் பொரித்து, ஓரிரு வாரத்துக்குள் தொற்றும் நிலையை அடைந்து, வெறுங்காலின் தோல் வழியே குருதியிற் கலந்து, நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டுக் குடலுக்குச் செல்கிறது. செருப்பின்றிக் கொழுந்து பறித்த, மலசலகூடம் இல்லாத லயன்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்களுக்கு இவ்வழி நாள்தோறும் திறந்தே இருந்தது.

இவ்வறிவு கிட்டுவதற்கு முன் நோய்ப்பெயர்களிற் பெருங்குழப்பம் நிலவியது. இலங்கையின் தலைமை அரச மருத்துவ அதிகாரியாயிருந்த டபிள்யூ. ஆர். கின்சி 1887இல் வெளியிட்ட அறிக்கை, இச்சோகையை ‘பெரிபெரி’ என்ற நோயோடு ஒன்றாக வைத்தே பேசியது. பெரிபெரி, தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் வேறொரு நோய் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. மற்றொரு தேயிலை நாடான அசாமில் ஜி. எம். ஜைல்ஸ் 1890இல் எழுதிய அறிக்கையோ, கொள்ளைநோயாகப் பரவிய காலா அசாரும் கொளுக்கிப்புழு நோயும் ஒன்றே எனக் கூறியது. காலா அசாருக்குரிய ஒட்டுண்ணியை 1903இல் இலண்டனில் லீஷ்மனும் சென்னையில் சார்ள்ஸ் டொனவனும் தனித்தனியே அறிவித்தபோது அக்கருத்து வீழ்ந்தது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, 1912இல் அது விரிவாக்கப்பட்டது. நோயைத் தேடி ஆராயும் முறையான முயற்சியோ அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தினூடாகவே வந்தது. அந்நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவுத் தலைவர் விக்லிஃப் றோஸ் 1914இல் கீழைநாடுகளைப் பார்வையிட்டதை அடுத்து, 1916இல் மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தொழிலாளரின் மலத்தை நுண்காட்டியிற் சோதித்து, தொற்றுள்ளோருக்குக் கீனோபோடியம் எண்ணெய் போன்ற மருந்துகளைக் கொடுத்து, மீண்டும் சோதிப்பது அதன் செயன்முறையாகும். சோகை நீங்கினால் வேலைத்திறன் கூடும் என்ற கணக்கு தோட்டத்துரைமாருக்குப் பிடித்திருந்தது. மலசலகூடங்களைத் தங்கள் செலவிற் கட்டவேண்டும் என்ற நிபந்தனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இதனால், மருந்தருந்திப் புழு நீங்கிய தொழிலாளி அதே மண்ணை மிதித்து மீண்டும் தொற்றுக்கு ஆளானார். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் புறப்படுமுன் அக்கரையிலுள்ள மண்டபம் முகாமிலேயே நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டனர்; அவர்களுக்கு அங்கேயே புழுமருந்தும் கொடுக்கப்பட்டது. நோயைக் கப்பலேறி வந்தவர்களின் சுமையாக மட்டும் பார்த்த இப்பார்வை, லயன்களின் நிலையைக் கணக்கிற் கொள்ளவில்லை.

மருந்தாய்வின் வரலாற்றில் இலங்கைக்கு உரிய பங்கு சங்கடமானது. கால்நடை ஒட்டுண்ணியியலாளர் மோரிஸ் ஹால் 1921இல் நாய்களிற் சோதித்துப் பரிந்துரைத்த கார்பன் டெற்றாகுளோரைட்டு, மலிவாகவும் ஒரே வேளையிற் கொடுக்கக்கூடியதாகவும் இருந்தமையால் விரைந்து பரவியது. அது ஈரலைத் தாக்குமா என அறிய, இலங்கையில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த கைதிகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டு, தூக்கிலிடப்பட்ட பின் அவர்களது உறுப்புகள் ஆராயப்பட்டன. டொக்கெற்றி என்ற மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும் இதுபற்றி எழுதிய கட்டுரைகள் 1922, 1923ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தன. சாகவிருந்தவரின் உடலை மருந்தின் அளவுகோலாக்கிய இம்முறையை இன்றைய ஆய்வு நெறிகள் ஒருபோதும் அனுமதியா. ஈரலுக்குத் தீங்கு செய்யும் அம்மருந்தும் காலப்போக்கிற் கைவிடப்பட்டது.

ஒரேயொரு புழுவைத் துரத்துவதனாற் பயன் குறைவு என்பதை இயக்கத்தாரும் உணர்ந்தமையால், 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு, மகப்பேறு, துப்புரவு, தொற்றுத்தடுப்பு ஆகியவற்றை ஒன்றிணைத்தது. பிரதேச சுகாதார அலுவலகங்களின் முன்னோடி அதுவே. தோட்டப்புறமோ அவ்வமைப்புக்கு வெளியே தனிச் சட்டங்களின்கீழ் நெடுங்காலம் நின்றது.

தோட்டப்புறத்திலும் இந்நோய் எங்கும் ஒரே அளவினதன்று: கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலை போன்ற உயரமான இடங்களின் குளிர் குடம்பி வளர்ச்சிக்குச் சாதகமற்றது. ஆகையால் கொளுக்கிப்புழு, உயரங்குறைந்த தோட்டங்களிலேயே அதிகம் காணப்படுகிறது; உயரமான தோட்டங்களில் வட்டப்புழுவே முன்னிற்கிறது. மெபெண்டசோல், அல்பெண்டசோல் ஆகிய மாத்திரைகள் வந்தபின், 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலை மாணவருக்குப் ‘பூச்சி மருந்து’ தொகையாக வழங்கப்பட்டது. அதன் பயனை அளந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், பத்தாண்டு மருந்தூட்டலுக்குப் பின்னும் தோட்டப் பாடசாலைச் சிறாருள் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் மண்வழிப் புழுக்களில் ஏதேனும் ஒன்றைக் கொண்டிருந்தனர்.