இரவிகுளம் போறீங்களா? வரையாடு கிட்ட வந்தாலும் தொடக் கூடாது... ஏன் தெரியுமா?

மூணாறுக்கு டூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் இரவிகுளம் தேசியப் பூங்கா தவறாமல் இருக்கும். காட்டு விலங்கைத் தேடி மணிக்கணக்கில் அலைய வேண்டாம். நடந்து போகும் பாதை ஓரத்திலேயே வரையாடு மேய்ந்துகொண்டிருக்கும். சில நேரம் இரண்டு மூன்று அடி தூரத்தில்கூட நிற்கும்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். பயப்படாமல் நிற்கிறதே என்று சிலர் பிஸ்கெட்டை நீட்டுகிறார்கள், சிலர் தோளில் கைபோட்டு செல்பி எடுக்கப் பார்க்கிறார்கள். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இந்த விலங்கிடம் அப்படி நடந்துகொண்டால் என்ன ஆகும்? எப்போ போகலாம், எப்படிப் பார்க்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

இரவிகுளம் எங்கே இருக்கு?

கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் பூங்காவின் நுழைவாயில் உள்ளது. பரப்பளவு சுமார் 97 சதுர கிலோமீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது.

மேலே புல்வெளி, பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு. இதுதான் இந்த மலையின் அமைப்பு. மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைகளில் விடுவது இந்தப் புல்வெளியும் சோலையும்தான். இங்கிருந்து ஒரு பக்கம் வழியும் நீர் பெரியாறுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் வழிவது பாம்பாறு வழியாக அமராவதிக்கு வந்து, கடைசியில் காவிரியில் சேர்கிறது. அதாவது உடுமலைப்பேட்டை, தாராபுரம், கரூர் பக்கத்து வயல்களுக்குப் போகும் தண்ணீரில் இந்த மலைக்கும் பங்கு உண்டு.

வரையாடு உண்மையில் ஆடுதானா?

பெயரில் ஆடு இருந்தாலும், மரபணு ஆய்வுப்படி வெள்ளாட்டை விட செம்மறிக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். 2005-ல் வெளியான ஆய்வுக்குப் பிறகு இமயமலை தாரிலிருந்து பிரிக்கப்பட்டு, இதற்கு 'நீலகிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினமே கொடுக்கப்பட்டது. சங்க இலக்கியத்தில் 'வருடை' என்று குறிப்பிடப்படுவதும் இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே.

வளர்ந்த ஆண் கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர் நிறத் திட்டு தெரியும். பெண்ணும் குட்டியும் சாம்பல் கலந்த பழுப்பு. கொம்பு இரண்டுக்கும் உண்டு, ஆணுக்குப் பெரியது.

2025-ல் கேரளா, தமிழ்நாடு வனத்துறைகள் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. கேரளாவில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. இதில் இரவிகுளத்தில் மட்டும் 841. உலகிலேயே அதிக வரையாடுகள் ஒரே இடத்தில் இருப்பது இங்கேதான். இங்கே ஒரு நோய் பரவினாலும், உலகில் உள்ள வரையாடுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு ஆபத்து.

மனுஷனைப் பார்த்து ஏன் ஓடுறதில்லை?

ஆங்கிலேயர் காலத்தில் இந்த மலைப்பகுதி தேயிலைத் தோட்டக்காரர்களின் வேட்டைக்காடாக இருந்தது. 1971-ல் கேரள அரசு கொண்டுவந்த சட்டத்தின் மூலம் கண்ணன் தேவன் மலை நிலங்கள் அரசின் கைக்கு வந்தன. 1975-ல் இரவிகுளம் சரணாலயம் ஆனது, 1978-ல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

அதன்பின் பல தலைமுறை வரையாடுகள் துப்பாக்கிச் சத்தமே கேட்காமல் வளர்ந்துவிட்டன. தினமும் ஒரே பாதையில் நடந்து வந்து திரும்பும் மனிதர்களால் தீங்கு இல்லை என்று பழகிக்கொண்டன. ஆனால், இது வளர்ப்பு விலங்கின் பாசம் அல்ல. அந்தக் காட்டு விலங்கின் காலை வேளை மேய்ச்சலில் மனிதன் ஒரு தொந்தரவாக இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் எல்லை மீறினால் ஆபத்து வரையாட்டுக்குத்தான். தின்பண்டத்துக்குப் பழகிய விலங்கு மேய்ச்சலை விட்டுவிட்டு சாலைக்கு வரும். வாகனத்தில் அடிபடும், பிளாஸ்டிக்கைத் தின்னும். புலி, சிறுத்தை, செந்நாய் என எதிரிகள் சுற்றியிருக்கும் காட்டில், எச்சரிக்கை குறைந்தால் உயிர் தங்காது.

தொட்டா கேஸா?

ஆமாம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இருக்கிறது. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் சுடுவது மட்டும் இல்லை. பிடிப்பது, துரத்துவது, இரை காட்டி இழுப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வதும் வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டம் இல்லை. 2023 ஜனவரியில் வால்பாறை மலைச்சாலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்து போட்டோ எடுத்த கேரளப் பயணிகள் இருவரை, தமிழ்நாடு வனத்துறை தேடிப் பிடித்துக் கைது செய்தது. சிக்க வைத்தது சமூக வலைதளத்தில் பரவிய படம்.

எப்போ போகலாம்?

பிப்ரவரி, மார்ச்: வழக்கமாக இந்த இரண்டு மாதங்கள் பூங்கா மூடியிருக்கும். குட்டி ஈனும் காலம் என்பதால் பயணிகளுக்கு அனுமதி இல்லை. தேதி சில ஆண்டுகளில் முன்பின் மாறும். அதனால் ரூம் போடுவதற்கு முன்பே வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

ஏப்ரல், மே: பூங்கா திறந்தவுடன் போனால் தாயுடன் துள்ளும் குட்டிகளைப் பார்க்கலாம். கோடை விடுமுறை என்பதால் கூட்டமும் ரொம்ப அதிகம்.

ஜூன் முதல் ஆகஸ்ட்: கனமழை, மூடுபனி, அட்டைக்கடி. 2020 ஆகஸ்டில் ராஜமலைக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில் இரவில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் பலியானார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

செப்டம்பர் முதல் ஜனவரி: மழை ஓய்ந்த நாட்களில் மலை தெளிவாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்து 2030.

எவ்வளவு தூரம் நடக்கணும்?

பயணிகளுக்கு அனுமதி உள்ள பகுதி ராஜமலை மட்டுமே. நுழைவாயிலிலிருந்து வனத்துறை வாகனத்தில் மேலே போய், அங்கிருந்து போடப்பட்ட பாதையில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். ஏற்றம்தான், ஆனால் நிதானமாக நடந்தால் பெரியவர்களும் சமாளிக்கலாம். மூட்டுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் பாதி வழியில் நின்றாலும் வரையாட்டைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனைமுடி சிகரம் ஏற சாதாரண டிக்கெட்டில் அனுமதி கிடையாது.

நல்லா பார்க்க என்ன செய்யணும்?

* முதல் வண்டியைப் பிடியுங்கள். வரையாடு மேய்வது காலையிலும் மாலையிலும். நடுப்பகலில் பாறையில் படுத்துவிடும்.
* பாதையோரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பாறை விளிம்பையும் மேலே புல்சரிவையும் கவனியுங்கள். கூட்டம் மேயும்போது ஒன்று மட்டும் தலை தூக்கிக் காவல் நிற்கும்.
* சீட்டி போன்ற சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை. அப்படியே நின்றுவிடுங்கள்.
* பனி மூடினால் உடனே திரும்ப வேண்டாம். மலையில் பத்து நிமிடத்தில் காட்சி மாறிவிடும்.
* சோலை ஓரத்தில் கருமந்தி, மலையணில் தென்படலாம். புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையைத் தேடுங்கள். அதுவும் இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் இல்லை.
* வரையாடு பாதையை மறித்து நின்றால், அது நகரும் வரை காத்திருங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது.
* தின்பண்டம், பிளாஸ்டிக், ஸ்பீக்கர் வேண்டாம். பாதையை விட்டுப் புல்லில் இறங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் எங்கே பார்க்கலாம்?

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுச் சாலையில், 9-வது வளைவு பக்கம் வரையாடுகள் அடிக்கடி நிற்கும். வண்டியை வளைவில் நிறுத்தாமல், அனுமதி உள்ள இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். நீலகிரியில் முக்கூர்த்தி தேசியப் பூங்கா, ஆனைமலையில் புல்மலைப் பகுதி ஆகியவையும் முக்கிய வாழிடங்கள்தான். ஆனால், அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது.

இரவிகுளத்தில் வரையாட்டைப் பார்க்க கேமராவில் பெரிய லென்ஸ்கூட தேவையில்லை, செல்போனே போதும். அது மனிதனை நம்பி அங்கே நிற்பதால் கிடைக்கும் வாய்ப்பு அது. அடுத்த முறை வருபவருக்கும் அதே வாய்ப்பு வேண்டும் என்றால், இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தாலே போதும்.