ஓமக்குளத்தில் தொடங்கும் பாடம்

சிதம்பரத்தில் மாணவர்களிடம் கழிவுநீர் பற்றிப் பேசும்போது நாங்கள் ஓமக்குளத்தில்தான் தொடங்குகிறோம். கோயிலுக்குள் போவதற்காக நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடம் அது. அவர் பெயரில்தான் 1916-இல் சுவாமி சகஜானந்தர் இவ்வூரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குளத்தில் இறங்காதே என்று நம்மைத் தடுத்த சாதிதான் சாக்கடையில் இறங்கு என்று அனுப்பியது.

அதன் பிறகே பாடத்துக்கு வருகிறோம். மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. வடிகால் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஆற்றுக்குப் போகும். கடலூரில் வீட்டுக் கழிவை அதில் விட்டால் கெடிலத்துக்கும் உப்பனாற்றுக்கும்தான் கேடு. பாதாளச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே கசடைப் படியவைத்து, காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைச் சிதைப்பார்கள்.

வழியில் குழாய் அடைத்துக்கொண்டால்? உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அப்படித்தான் இறங்கியவரும், காப்பாற்றப் போனவரும் சாகிறார்கள்.

1993-இலும் 2013-இலும் சட்டம் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. நாம் கேட்பது இழப்பீடு அல்ல, எந்திரம்.

உங்கள் தெருவில் அடைப்பு எடுப்பது எந்திரமா, மனிதரா? மனிதர் என்றால், அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.