மெட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம்: ஜான் மெக்லாஃப்லினின் கிதார்களில் வீணையின் தடம்

முன்னுரை

மின் கிதாரின் வரலாற்றை எழுதுவோர் பிக்கப், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் வளர்ச்சியைத்தான் விரிவாகப் பேசுவர். இடக்கை விரல்கள் பதியும் மெட்டுப்பலகை அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 1942இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ஜான் மெக்லாஃப்லின் 1970களில் கையாண்ட கிதார்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், முக்கியமான மாற்றம் அந்தப் பலகையில்தான் நிகழ்ந்தது தெரியவரும். அம்மாற்றம் எங்கிருந்து வந்தது, எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரட்டைக் கழுத்துக் கிதார்கள்

1969இல் அமெரிக்கா சென்ற மெக்லாஃப்லின், டோனி வில்லியம்ஸின் குழுவிலும் மைல்ஸ் டேவிஸின் இசைப்பதிவுகளிலும் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். அக்காலத்தில் அவர் கையில் இருந்தது கிப்சன் நிறுவனத்தின் இடிஎஸ்-1275. ஒரே உடலில் இரண்டு கழுத்துகள் கொண்ட கனமான மின் கிதார் அது. மேல் கழுத்தில் 12 தந்திகள், கீழ்க் கழுத்தில் 6 தந்திகள். பன்னிரண்டில், தடித்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்த துணைத் தந்தி உண்டு. மெல்லிய இரண்டுக்கும் அதே சுருதியில் இணை உண்டு. சுரங்களைப் பிரித்து அடுக்கும் பகுதிகளை மேல் கழுத்திலும், விரைவான தனி வாசிப்பைக் கீழ்க் கழுத்திலுமாக ஒரே பாடலுக்குள் கருவியை மாற்றாமலே அவரால் வாசிக்க முடிந்தது.

இதே அமைப்பில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரெக்ஸ் போக் அவருக்கென்றே செய்து கொடுத்த கிதார் 'டபுள் ரெயின்போ'. அதன் கழுத்துகளில் கொடி படர்வதுபோன்ற சிப்பிப் பதிப்பு வேலை இருந்தது. கைவினையில் கிப்சனை விஞ்சினாலும், இசை வசதியில் இது அதன் தொடர்ச்சியே. இரண்டிலும் பலகை வழக்கமான சமதளம்தான். கூடியது தந்திகளின் எண்ணிக்கை மட்டுமே.

வீணை தந்த பாடம்

1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை பயின்றார். கருவி பற்றிய அவரது சிந்தனை திசை மாறியதற்கு இப்பயிற்சியே மூலம் எனலாம்.

வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. மெட்டுகள் தண்டிக்கு மேலே உயர்ந்து நிற்பதால், தந்தியை அழுத்தும் விரல் மரத்தைத் தொடுவதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது உராய்வு குறைகிறது. இழுவிசை கூடக்கூடச் சுருதி ஏறுகிறது. ஒரே மெட்டில் நின்றுகொண்டு அடுத்தடுத்த சுரங்களைத் தொட்டு வரும் கமகத்துக்கு இந்த அமைப்பே அடிப்படை. கிதாரில் மெட்டுகள் பலகையை ஒட்டித் தாழ்வாக இருக்கின்றன. இழுக்கும்போது விரல் நுனி மரத்தில் உராய்கிறது. இழுப்பின் எல்லையும் அதனால் சுருங்குகிறது.

சக்தி கிதார்

1975இல் வயலின் கலைஞர் எல். சங்கர், தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன், கடக் கலைஞர் டி.எச். விநாயகராம், மிருதங்கக் கலைஞர் ஆர். ராகவன் ஆகியோருடன் மெக்லாஃப்லின் 'சக்தி' குழுவாக மேடையேறினார். மின் கிதாரை ஒதுக்கிவைத்து அவர் வாசித்த கருவி, கிப்சனின் ஜே-200 என்ற அக்கூஸ்டிக் கிதாரை அடிப்படையாகக் கொண்டு ஆபிரகாம் வெக்டர் உருவாக்கியது. அதன் சிறப்புக் கூறுகள் இரண்டு. முதலாவது, மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகக் குடையப்பட்ட பலகை. இரண்டாவது, ஒலித்துளையின்மேல் ஆறு தந்திகளுக்கு அடியில் குறுக்குச் சாய்வாக ஓடும் 7 துணைத் தந்திகள்.

இரண்டையும் சேர்த்து வீணையின் தாக்கம் என்று எழுதும் வழக்கம் உண்டு. அது சரியன்று. சரஸ்வதி வீணையில் உள்ள 3 தாளத் தந்திகள் விரலால் மீட்டப்படுபவை. பிற தந்திகளின் அதிர்வுக்கு ஒத்துத் தாமாகவே ஒலிக்கும் தந்திகள் சிதார், சரோத் போன்ற வட இந்தியக் கருவிகளுக்கு உரியவை. ஆகவே பலகை தெற்கிலிருந்தும் துணைத் தந்திகள் வடக்கிலிருந்தும் வந்தன என்று பிரித்துக் காண வேண்டும். குழுவிலேயே கடமும் தபலாவும் அருகருகே அமர்ந்திருந்ததை நினைத்தால் இக்கலப்பு வியப்பளிக்காது.

பலகையும் வீணையின் நேர்ப்படி அன்று. வீணையில் மெட்டு உயர்ந்து நிற்கிறது. இங்கே மரம் தாழ்த்தப்பட்டது. மெட்டின் உயரமும் தந்தியின் உயரமும் மாறாமலே விரலுக்குக் கீழே வெற்றிடம் கிடைத்தது. இதற்கு விலையும் உண்டு. சற்றே அழுத்திப் பிடித்தாலும் சுருதி ஏறிவிடும். பல தந்திகளை ஒருசேரப் பிடிக்கும் கார்டு வாசிப்பில் இது பெரும் இடர். ஒற்றைச் சுர ஓட்டமே முதன்மையான சக்தியின் இசைக்கு அது தடையாகவில்லை.

மீண்டும் மின் கிதார்

1978இல் 'எலெக்ட்ரிக் கிடாரிஸ்ட்' இசைத்தொகுப்புடன் மெக்லாஃப்லின் மின் கிதாருக்குத் திரும்பினார். குழிந்த பலகையை விட மனமின்றித் தம் கிப்சன் மின் கிதாரிலும் அதை அமைத்துக்கொண்டார். துணைத் தந்திகள் மட்டும் உடன் வரவில்லை. மின் கிதாரில் ஒலியை நீட்டிக்கும் வேலையை ஆம்ப்ளிஃபயரே செய்துவிடுகிறது. ஒத்ததிரும் தந்திகளின் தேவை அங்கே குறைவு. கமகத்துக்கான வெற்றிடத்தையோ எந்த மின்சுற்றும் தந்துவிடாது.

குழிந்த பலகையின் பெருமை முழுவதும் மெக்லாஃப்லினுக்கே உரியது என்று சொல்வதற்கில்லை. அதே பத்தாண்டில் ராக் கலைஞர் ரிச்சி பிளாக்மோரும் அத்தகைய பலகையில் வாசித்தார். அடுத்து வந்த இங்வி மால்ம்ஸ்டீனின் பெயரில் ஃபெண்டர் நிறுவனம் 1988இல் குழிந்த பலகையுடன் ஸ்ட்ராடோகாஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை வேறு வழிகளில் வந்தவை. வீணையைக் கற்று, அதன் இலக்கணத்துக்காகப் பலகையைக் குடைந்தது மெக்லாஃப்லினின் தனித்தன்மை.

முடிவுரை

இரட்டைக் கழுத்து ஒரு குழுவின் காலத்தோடு முடிந்தது. துணைத் தந்திகள் ஒரே கருவியோடு நின்றன. அக்கூஸ்டிக்கிலிருந்து மின் கிதாருக்கு இடம்பெயர்ந்து நிலைத்தது குழிந்த பலகை ஒன்றே. அதன் மூலம் வீணையில் இருக்கிறது. கிதார் போன்ற மேலைக் கருவிகள் கர்நாடக இசைக்கு வந்த கதை நம்மிடையே அடிக்கடி பேசப்படுகிறது. நம் கருவி மேலைக் கருவியை மாற்றியமைத்த இந்தக் கதையையும் வீணை ஆய்வாளர்கள் தம் பாடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.