பாதுகாப்பான தொகுதி, பதற்றமான நாடு: அமெரிக்கத் துருவமயமும் தேர்தல் விதிகளும்

2021 ஜனவரி 13 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, டொனால்ட் டிரம்ப் மீதான இரண்டாவது பதவிநீக்கத் தீர்மானத்தை 232க்கு 197 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஆதரித்து வாக்களித்தவர்களில் பத்துப் பேர் அவருடைய குடியரசுக் கட்சியினர். அந்தப் பத்துப் பேரில் நால்வர் 2022 தேர்தலில் நிற்காமலேயே ஒதுங்கிக்கொண்டனர். நால்வர் பொதுத் தேர்தல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றான பிரைமரியில் தோற்றனர். சபைக்குத் திரும்பியவர்கள் டேவிட் வலடாவோ, டான் நியூஹவுஸ் ஆகிய இருவர் மட்டுமே.

இவர்களில் லிஸ் செனியின் தோல்விதான் அதிகம் பேசப்பட்டது. முன்னாள் துணை ஜனாதிபதியின் மகள். சபையில் கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவராக இருந்தவர். 2020 பொதுத் தேர்தலில் வயோமிங் மாநிலம் அவருக்கு ஏறத்தாழ 69 விழுக்காடு வாக்களித்தது. இருபத்தொரு மாதம் கழித்து, 2022 ஆகஸ்ட் பிரைமரியில் அவர் பெற்றது 29 விழுக்காடு. மிச்சிகனின் பீட்டர் மைஜருக்கு நேர்ந்தது இதைவிட விசித்திரமானது. பிரைமரியில் அவரை எதிர்த்த டிரம்ப் ஆதரவாளருக்குச் சாதகமாக அமையும் விளம்பரத்துக்கு ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழுவே 4 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. மிதவாதி வீழ்ந்தால் பொதுத் தேர்தலில் தொகுதி தமக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது, தொகுதி ஜனநாயகக் கட்சிக்குப் போனது. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடைதோறும் முழங்கிய கட்சி, அந்த ஆபத்தைத் தட்டிக்கேட்ட ஒருவரைத் தோற்கடிக்கப் பணம் கொடுத்தது.

தப்பிப் பிழைத்த இருவரும் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர். இவ்விரு மாநிலங்களிலும் கட்சிவாரியான பிரைமரி கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்பார்கள், எந்த வாக்காளரும் யாருக்கும் வாக்களிக்கலாம், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் பொதுத் தேர்தலுக்குச் செல்வார்கள். பத்துப் பேரை வைத்து விதி எழுதிவிட முடியாது. வாஷிங்டனிலேயே ஜேமி ஹெரேரா பட்லர் அதே முறையின்கீழ் மூன்றாமிடம் வந்து வெளியேறினார். ஆனாலும் கட்சி பிரைமரியைச் சந்தித்த மூவரில் ஒருவரும் மீளவில்லை, பொதுப் பிரைமரியைச் சந்தித்த மூவரில் இருவர் மீண்டனர் என்பது யோசிக்கவைக்கிறது.

மக்கள் மனத்தில் முதலில் பகை மூண்டது, தேர்தல் அதை வெளிப்படுத்துகிறது என்றே அமெரிக்கத் துருவமயம் பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இந்த விளக்கம் பாதிதான் சரி. இன்றைய அமெரிக்கத் தேர்தல்களில் போட்டி இருக்கவேண்டிய மட்டத்தில் இல்லை. இருக்கக் கூடாத மட்டத்தில் உச்சத்தில் இருக்கிறது. தொகுதி அளவில் பெரும்பாலான உறுப்பினர்களுக்கு எதிர்க்கட்சியால் ஆபத்தே இல்லை. தேசிய அளவிலோ இரு கட்சிகளும் மயிரிழையில் ஆட்சியைப் பிடிக்கின்றன, மயிரிழையில் இழக்கின்றன. உறுப்பினருக்குத் தன் கட்சியின் தீவிரர்களிடம் அச்சம், கட்சிக்கு எதிர்க்கட்சியின் ஒவ்வொரு வெற்றியிலும் அச்சம். இரண்டும் சேரும்போது இணக்கம் யாருக்கும் கட்டுப்படியாவதில்லை என்பதே என் வாதம்.

நெடுங்காலம் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத்தின் குழு ஒன்று, ஷாட்ஷ்நைடர் தலைமையில் அறிக்கை வெளியிட்டது. இரு கட்சிகளுக்கும் தெளிவான கொள்கை வேறுபாடு இல்லை, கட்டுப்பாடு இல்லை, வாக்காளருக்கு உண்மையான தேர்வு கிடைப்பதில்லை என்பது அதன் குறை. அறிஞர்கள் கேட்ட வரம் பிற்பாடு கிடைத்தது. கேட்டவர்கள் எதிர்பார்த்த வடிவில் அல்ல.

அன்றைய கலப்புக்குக் காரணம் பெருந்தன்மையன்று, தெற்கின் இனவாதம். அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்கள் நூறாண்டுக் காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. வடக்கின் தொழிற்சங்கத் தாராளவாதிகளும் தெற்கின் நிறவெறியர்களும் ஒரே கட்சியில் இருந்தனர். 1964 குடிசார் உரிமைகள் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியபோது, எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். சட்டத்துக்கு ஆதரவாகக் குடியரசுக் கட்சியின் 27 செனட்டர்கள் வாக்களித்தனர். அந்தச் சட்டமும் அடுத்த ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் இந்தக் கூட்டை உடைத்தன. தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 1964இலேயே கட்சி மாறினார். வாக்காளர்கள் நிதானமாக ஒரு தலைமுறையில் மாறினார்கள். பழைய இணக்கத்துக்காக ஏங்குவோர், கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தித்தான் அது சாத்தியமானது என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த இடப்பெயர்ச்சியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் அறிஞர்களிடையே நீண்ட சர்ச்சை உண்டு. பொதுமக்களின் கருத்துகள் பெரிதும் நடுநிலையிலேயே இருக்கின்றன, ஒத்த கருத்துடையோர் ஒரே கட்சியில் வந்து சேர்ந்ததே நடந்தது என்பார் மோரிஸ் ஃபியோரினா. அரசியலில் ஈடுபாடுள்ள குடிமக்கள் உண்மையிலேயே இரு முனைகளுக்கு நகர்ந்துவிட்டனர் என்று மறுப்பார் ஆலன் அப்ரமோவிட்ஸ். கொள்கையைப் பொறுத்தவரை எனக்கு ஃபியோரினாவின் பக்கமே வலுவாகத் தெரிகிறது. உணர்ச்சியைப் பொறுத்தவரை அது போதாது. சாந்தோ ஐயங்காரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டிய கருத்துக்கணிப்புகளின்படி, பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரை மணந்தால் வருந்துவோம் என்றவர்கள் 1960இல் இரு கட்சிகளிலும் 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2010இல் குடியரசுக் கட்சியினரில் 49 விழுக்காடு, ஜனநாயகக் கட்சியினரில் 33 விழுக்காடு. கேள்வியின் வாசகம் இரு ஆண்டுகளிலும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. பலருக்கு உண்மையில் பிடிக்காதது மாற்றுக் கட்சிச் சம்பந்தி அல்ல, எந்நேரமும் அரசியல் பேசும் சம்பந்தி என்று பின்னால் வந்த ஆய்வொன்று கண்டது. அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் நம்பத்தக்கதாகப் படுகிறது.

கட்சிகள் இவ்வாறு பிரிந்தபின், அதுவரை அதிகத் தீங்கு செய்யாத பழைய விதிகள் கடிக்கத் தொடங்கின. பிரைமரி அவற்றுள் முதன்மையானது. நம் நாட்டில் சீட்டுக் கொடுப்பதும் மறுப்பதும் கட்சித் தலைமையின் கையில். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீர்திருத்தக்காரர்கள் அந்த அதிகாரத்தைத் தலைமையிடமிருந்து பறித்து வாக்காளர்களிடம் கொடுத்தார்கள். ஜனாதிபதி வேட்பாளர் விஷயத்தில் 1968 சிகாகோ மாநாட்டுக் கலவரத்துக்குப் பின் அதுவே நடந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பிரைமரியில் வாக்களிக்க வருவோர் பொதுத் தேர்தலுக்கு வருவோரில் ஒரு பகுதியினர், கட்சிப் பற்று மிக்கவர்கள். கட்சிகள் கலப்பாக இருந்தபோது அந்தச் சிறு கூட்டமும் கலப்பாகவே இருந்தது. இன்று அது ஒரே குரலில் பேசுகிறது. பொதுத் தேர்தல் வெறும் சடங்காகிவிட்ட தொகுதியில் உண்மையான தேர்தல் பிரைமரிதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். கட்சிக்காரர் மட்டும் வாக்களிக்கும் பிரைமரி உள்ள மாநிலங்களையும் அனைவரும் வாக்களிக்கும் பிரைமரி உள்ள மாநிலங்களையும் ஒப்பிட்டு, எரிக் மெகீ, சேத் மாஸ்கெட் முதலானோர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களின் தீவிரத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது ஆண்டு முழுவதும் நடக்கும் வாக்கெடுப்புகளின் சராசரியை. பிரைமரியின் அச்சுறுத்தல் வேலைசெய்வது, கட்சியா மனச்சாட்சியா என்று கேட்கப்படும் அரிதான தருணங்களில். போட்டியிலிருந்து விலகிய அந்த நால்வரும் எந்தத் தேர்தல் கணக்கிலும் தோற்றவர்களாகப் பதிவாகவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

தொகுதிகள் ஏன் இவ்வளவு ஒருதலைப்பட்சமாயின? கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில் ஜெரிமாண்டரிங், அதாவது ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வரைவது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரியின் காலத்தில் வரையப்பட்ட, பல்லியை ஒத்த சாலமாண்டர் வடிவத் தொகுதியிலிருந்து வந்த பெயர். வட கரோலினாவில் குடியரசுக் கட்சியும் மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியும் போட்ட வரைபடங்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, இது அரசியல் பிரச்சினை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. ஆயினும் செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களின் எல்லைகளை யாரும் திருத்தி வரைய முடியாது. செனட்டும் சபையைப் போலவே பிளவுண்டிருக்கிறது. ஆகவே ஜெரிமாண்டரிங் பிளவைக் கூர்மையாக்கியது, உண்டாக்கவில்லை. நகரங்கள் ஒரு கட்சிக்கும் நாட்டுப்புறம் மறு கட்சிக்கும் என மக்களே பிரிந்து வாழ்வது அதைவிடப் பெரிய காரணம். 1984இல் ரீகன் 49 மாநிலங்களை வென்றபோது, ஏறக்குறைய 190 தொகுதிகள் ஜனாதிபதிக்கு ஒரு கட்சியையும் சபைக்கு இன்னொரு கட்சியையும் தேர்ந்தெடுத்தன. 2024இல் அத்தகைய தொகுதிகள் 435இல் 16.

தொகுதிகள் இப்படி உறைந்துகிடக்க, நாடு முழுவதற்குமான கணக்கு தள்ளாடுகிறது. 1955 முதல் 1995 வரை நாற்பது ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை ஒரே கட்சியிடம் இருந்தது. 2006 தேர்தல் முதல் மட்டும் அது நான்கு முறை கைமாறிவிட்டது. 2000இல் ஃபுளோரிடாவின் 537 வாக்குகள் ஜனாதிபதியைத் தீர்மானித்தன. 2020இல் பைடன் நாடு முழுவதும் 70 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவருடைய முன்னிலை 43 ஆயிரம் வாக்குகளுக்கும் குறைவு. ஜனாதிபதியை மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு முறை இந்த இழுபறியைச் சில மாநிலங்களுக்குள் அடைத்துவிடுகிறது.

இழுபறி மிதவாதத்தை வளர்க்கும் என்பது பாடப்புத்தகக் கருத்து. அரசியல் அறிஞர் பிரான்சஸ் லீ தம் 2016 நூலில் அதை மறுத்தார். நிரந்தரச் சிறுபான்மையாக இருக்கும் கட்சி, பேரம் பேசிக் கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளும். அடுத்த தேர்தலிலேயே பெரும்பான்மை கிடைக்கலாம் என்று நம்பும் கட்சிக்கோ பேரத்தைவிட முட்டுக்கட்டையே லாபம். 2024 பிப்ரவரியில் நடந்ததைப் பார்க்கலாம். ஓக்லஹோமாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜேம்ஸ் லாங்ஃபோர்ட், பழுத்த பழமைவாதி, மெக்சிகோ எல்லைக் கட்டுப்பாடு குறித்துப் பல மாதம் பேசி மறுதரப்புடன் ஒரு மசோதாவுக்கு உடன்பாடு கண்டார். அவருடைய கட்சி ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த பல விஷயங்கள் அதில் இருந்தன. தேர்தல் ஆண்டில் பைடனுக்கு இந்த வெற்றி வேண்டாம் என்று டிரம்ப் எதிர்த்ததும் கட்சி கைகழுவியது. செனட்டில் 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 49 கிடைத்தன. பிரச்சினை தீர்வதைவிடத் தீராமல் இருப்பது அந்த ஆண்டு ஒரு கட்சிக்குப் பயன்பட்டது.

அமைப்பைக் காரணம் காட்டுவது ஆட்களின் பொறுப்பைக் கரைத்துவிடலாகாது. 2021 ஜனவரி 6 அன்று, 2020 ஜனாதிபதித் தேர்தல் முடிவை எதிர்த்த டிரம்ப் ஆதரவாளர்களால் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அன்றிரவு 147 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஒரு மாநிலத்தின் முடிவையாவது ஏற்க மறுத்து வாக்களித்தனர். இதற்கு இணையான செயல் மறுபக்கம் இல்லை. இரு பக்கமும் சமமான தவறு என்று எழுதுவது நடுநிலைபோலத் தோன்றும், சோம்பல்தான். ஆனால் விதிகளை வளைக்கும் போட்டியில் இரு பக்கமும் இருக்கின்றன. 2025இல் டெக்சஸ், வழக்கமான பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்படி வரைபடத்தை மாற்றியது. பதிலடியாகக் கலிஃபோர்னியா, சுயேச்சை ஆணையம் வரைந்திருந்த வரைபடத்தை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒதுக்கிவைத்தது. மறுவரையறையை அரசியல்வாதிகளின் கையிலிருந்து எடுத்ததற்காகப் பாராட்டப்பட்ட மாநிலம் அது.

அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ் 1990இல் ஜனாதிபதி முறையின் அபாயங்களைப் பற்றி எழுதியபோது, அமெரிக்கா மட்டும் தப்பித்ததற்கு அதன் கட்சிகள் இறுக்கமற்றுக் கலைந்து கிடப்பதும் ஒரு காரணம் என்றார். அந்தக் காரணம் இன்று இல்லை. இரு கட்சிகளும் இணங்காததால் 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அரசு முடங்கிக் கிடந்தது.

மாற்றம் சாத்தியமா என்று பார்க்க அலாஸ்காவே நல்ல களம். 2020இல் அம்மாநில வாக்காளர்கள் கட்சி பிரைமரியை ஒழித்தார்கள். புதிய முறையில் பொதுப் பிரைமரியின் முதல் நால்வர் பொதுத் தேர்தலுக்குச் செல்வர். அங்கே வாக்காளர் விருப்ப வரிசைப்படி வாக்களிப்பர். 2021 பதவிநீக்க விசாரணையில் டிரம்பைத் தண்டிக்க வாக்களித்த குடியரசுக் கட்சிச் செனட்டர் லிசா முர்கௌஸ்கி, 2010இல் கட்சி பிரைமரியில் தோற்று, வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல் வாக்காளர்கள் கைப்பட எழுதிய வாக்குகளால் வென்றவர். 2022இல் அவருக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு முதல் விருப்பம் அளித்த பலர் அவரை இரண்டாவதாகக் குறித்திருந்தனர். அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா சபைக்கு வென்றார். 2024இல் அதே முறையில் தோற்றார். முறை ஒரு கட்சிக்குச் சாதகமானது என்ற குற்றச்சாட்டு இதோடு அடிபடுகிறது. எல்லாப் பெருமையையும் முறைக்கே கொடுப்பதும் தவறு. அலாஸ்காவின் மாநிலச் சட்டமன்றத்தில் இரு கட்சிக் கூட்டணிகள் இந்த விதி வருவதற்கு முன்பே இருந்தன.

2024 நவம்பரில் இந்த முறையை நீக்கும் முயற்சி அலாஸ்காவில் எழுநூற்றுச் சொச்சம் வாக்குகளில் தோற்றது. அதே நாளில் நெவாடா, ஐடஹோ, கொலராடோ ஆகிய மாநிலங்கள் இதையொத்த திட்டங்களை நிராகரித்தன. நெவாடாவில் இரு கட்சிகளின் தலைவர்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். அவர்கள் உடன்பட்ட அரிய விஷயங்களில் இது ஒன்று. லூசியானா எதிர்த்திசையில் சென்றது. அங்கே பல்லாண்டுகளாக எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கும் முறையே பெரிதும் வழக்கில் இருந்தது. முர்கௌஸ்கியைப் போலவே டிரம்பைத் தண்டிக்க வாக்களித்த செனட்டர் பில் கேசிடியின் மாநிலம் அது. அவருடைய பதவிக்கு மீண்டும் தேர்தல் வரும் 2026இலிருந்து நடைமுறைக்கு வரும்படி, நாடாளுமன்றத் தேர்தல்களுக்குக் கட்சி பிரைமரியை மீண்டும் கொண்டுவரும் சட்டத்தை லூசியானா 2024இல் நிறைவேற்றியது. ஜனநாயகக் கட்சியில் பதிவுசெய்த வாக்காளர்கள் அந்தப் பிரைமரியில் அவருக்கு வாக்களிக்க முடியாது.