பாட்டிகள் நடத்திய பள்ளி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கதை நிகழும் புகார், எங்கள் காரைக்காலுக்கு வடக்கே இதே கடற்கரையில்தான் இருக்கிறது. ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடுகிறாள் மாதவி. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என ஒவ்வொருவர் தகுதியையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அனைவரும் ஆண்கள். ஆடி முதிர்ந்த தோரிய மடந்தையர் அதே அரங்கில் நின்று பாடுகிறார்கள். அவர்கள் தகுதி பற்றி அப்படியொரு விரிவு இல்லை. மாதவிக்கு அவர்கள் எதையுமே கற்றுத்தரவில்லை என்று நம்ப எனக்கு மனமில்லை.

பெண் பெண்ணுக்குக் கற்றுத்தந்த இசையைத் தேடுகிறவர்களுக்கு வீணை தனம்மாளின் குடும்பம் தெளிவான சான்று. தஞ்சை அரசவையோடு தொடர்புடைய இசைவேளாளர் குடும்பம் அது. 1867இல் சென்னையில் பிறந்த தனம்மாளுக்கு முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பாட்டி காமாட்சியம்மாள் ஆடற்கலைஞர், தாய் சுந்தரம்மாள் பாடகர். பிறகு சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளையும், பார்வையற்ற இசைஞரான பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரக்ஞர் பதங்களையும் கற்றார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பின்னிருவரையும் 'குரு' என்கிறார்கள். பாட்டியும் தாயும் 'குடும்பப் பின்னணி' ஆகிவிடுகிறார்கள்.

தனம்மாள் விரலில் கம்பி வளையம் அணியாமல் வெறும் விரலாலேயே வீணை மீட்டினார். ஓசை மெல்லியது, கேட்க விரும்புகிறவர் அருகே வந்து அமைதியாக உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக்குப் பெரிய வித்வான்களும் அப்படித்தான் வந்தார்கள். சபையைத் தேடி இசை போகாமல், இசையைத் தேடிச் சபை வந்த வீடு அது. அவருடைய மகள்களும், பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரும் அந்த இசைக்குள்தான் வளர்ந்தார்கள். 1938இல் தனம்மாள் மறைந்தார்.

1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் போராடியவர்களில் முத்துலட்சுமி ரெட்டியோடு எங்கள் காவிரிப் படுகையின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உண்டு. சிறுமிகளைப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதே. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த வீடுகளில் பெண்கள் நடத்திவந்த இசைப்பள்ளியைப் பள்ளி என்று அடையாளம் கண்டு காப்பாற்ற அன்று யாரும் முன்வரவில்லை. கலை சபாக்களுக்கும் கல்லூரிகளுக்கும் இடம் மாறியது. கற்பித்த பெண்கள் பலர் வெளியே நின்றார்கள். 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, ஒரு பெண்ணுக்குச் சங்கீத கலாநிதி விருதளிக்க 1968 ஆயிற்று. அவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. தனம்மாளின் பேத்திகளில் பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் அது கிடைத்தது.

அந்த எம்.எஸ்.ஸும், ராம்நாடு கிருஷ்ணனும் பதங்கள் கற்க பிருந்தாவிடம்தான் வந்தார்கள். பாட்டியின் சொத்து அப்படி நாட்டின் சொத்தானது. இசை ஆய்வில் இறங்கும் மாணவியரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கலைஞரின் குரு யார் என்று எழுதும்போது, அவருக்கு முதல் ஸ்வரம் சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயரையும் விசாரித்து, அதே வரிசையில், முதலாவதாக எழுதுங்கள்.